அச்சேறிய பிழையும் அச்சேறா மெய்யும்

ஓர் ஆய்வாளனின் தகுதியை எதனால் அளப்பது? அவன் அச்சேற்றிய கட்டுரைகள் எத்தனை, அவை எந்தெந்த இதழ்களில் வந்தன, அவற்றை எத்துணைப் பேர் எடுத்துக் காட்டினர் என்று எண்ணிக் கூட்டுவதே இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வழக்கமாய்ப் போயிற்று. எண்ணிக்கை மிக்கவன் அறிஞன், குறைந்தவன் கடைக்கோடியன். எழுதியது மெய்யா, ஆழமுடையதா, பிறர்க்கு வழி திறந்ததா என்று படித்துப் பார்க்கும் உழைப்பு எவர்க்கும் வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். படிக்கத் தெரிய வேண்டா!

இந்த அளவுகோல் எத்துணைக் கோணலானது என்று காட்டக் கணக்கியலின் ஒரு கிளையே போதும். கோணங்காப்பு வடிவியல் என்பது அது. அதன் வரலாற்றில் இரண்டு எழுத்துப்படிகள் தலையாயவை. ஒன்று 1960 ஆம் ஆண்டு முறைப்படி அச்சேறியது. அதன் நடுத்தூணில் பிழை இருந்தது. மற்றொன்று 1983 ஆம் ஆண்டு எழுதப்பெற்றது. அதில் கண்ட உண்மை நிலைத்து நின்றது. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் அஃது அச்சேறவில்லை. இவ்விரண்டும் இன்றேல் அக்கிளை இன்றுள்ள வளர்ச்சியைப் பெற்றிராது. எண்ணிக் கூட்டுவோர் முன்னதற்கு முழு மதிப்பெண்ணும் பின்னதற்குச் சுழியும் இடுவர். பிழை வெளிப்பட்டபின் முன்னதற்கும் சுழியே இடுவர். மூன்று தீர்ப்புமே தவறு என்பது என் துணிபு.

செய்தி கடினமானது என்று அஞ்சி ஒதுங்க வேண்டா. பள்ளிச் சுவர்களில் நெடுங்காலம் தொங்கிய உலகப்படத்தை நினைத்துப் பாருங்கள். 1569 ஆம் ஆண்டு மெர்க்காதர் என்பார் கடலோடிகளுக்காக வரைந்த முறை அது. அப்படத்தில் கிரீன்லாந்து, ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. அளவில் இத்துணைப் பொய் சொல்லும் படத்தைக் கடலோடிகள் ஏன் போற்றினர்? அது கோணத்தில் பொய் சொல்லாது என்பதால்தான். கடலில் எத்திசைக்கு எத்திசை எவ்வளவு சாய்ந்துள்ளதோ, படத்திலும் அவ்வளவே சாய்ந்திருக்கும். இடத்துக்கிடம் அளவு விரியும் அல்லது சுருங்கும், கோணம் மாறாது. இவ்வாறு கோணத்தைக் காத்து அளவை மாற்றுவதே கோணங்காப்பு.

அளவையும் கோணத்தையும் ஒருங்கே காக்கும் படம் வரையக்கூடாதா? கூடாது என்று 1827 ஆம் ஆண்டு நிறுவினார் செருமானியப் பேரறிஞர் காவுசு. ஒரு பனையோலையைக் குழலாகச் சுருட்டலாம். மீண்டும் விரித்தால் கிழியாமல் தட்டையாகும். கிச்சிலிப்பழத் தோலைப் பலகைமேல் வைத்து அழுத்தினாலோ கிழியும். ஓலைக்குழல் வெளித்தோற்றத்தில் வளைந்ததேயன்றித் தன்னளவில் வளையாதது. பழத்தோல் தன்னளவிலேயே வளைந்தது. பரப்பின்மேல் ஊரும் எறும்பு, பரப்பைவிட்டு வெளியே வாராமல், தொலைவுகளை அளந்தே அவ்வுள்வளைவைக் கண்டுவிடலாம் என்பதே காவுசின் கண்டுபிடிப்பு.

1854 ஆம் ஆண்டு, கோட்டிங்கன் நகரில் ஆற்றிய உரையில், இதனைப் பரப்பினின்று எல்லா வெளிகளுக்கும் விரித்தார் இரீமான். ஒரு வெளியில் ஓரிடத்தைச் சுட்ட எத்தனை எண்கள் வேண்டுமோ அத்தனை அளவை உடையது அவ்வெளி. பள்ளி நூல்கள் பரிமாணம் என்பதையே ஈண்டு அளவை என்கிறோம். பரப்பு ஈரளவையது, நாம் வாழும் அறை மூவளவையது. அத்தகைய வெளியின் ஒவ்வோரிடத்திலும் தொலைவளக்கும் ஒரு கோலை வைத்தார் இரீமான். அக்கோலை இடத்துக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி நீட்டியோ குறுக்கியோ அமைத்தால் கோணம் மாறாது, தொலைவு மாறும், தொலைவு மாறவே வளைவும் மாறும்.

எவ்வாறு மாறும்? இவ்விடத்தில்தான் வகைக்கெழுச் செயலி வருகின்றது. வெளியின் ஒவ்வோரிடத்திலும் ஓர் எண் உளதென்க. ஒவ்வோரிடத்து வெப்பம் போல. ஓரிடத்து எண், தன்னைச் சூழ்ந்த இடங்களின் நிரவலினின்று எவ்வளவு விலகியுள்ளது என்று காட்டும் கருவி ஒன்றுண்டு. அதற்கு இலாப்பிளாசுச் செயலி என்று பெயர். வெப்பம் பரவுவதும் முரசின் தோல் அதிர்வதும் இதனால் கணிக்கப்படுவன. இதனோடு வளைவையும் உரிய பங்கில் சேர்த்தால், கோணங்காப்பு மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் செயலி ஒன்று பிறக்கும். கோலை எவ்வெண்ணால் பெருக்கினால் எவ்வளைவு கிடைக்கும் என்பதை அச்செயலி சொல்லும். வளைவுச் சிக்கல், இவ்வாறு, ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும் சிக்கலாக மாறுகின்றது.

ஈரளவைப் பரப்புகளில் இச்சிக்கல் 1907 ஆம் ஆண்டளவில் புவான்காரே, கேபே ஆகியோரின் உழைப்பால் தீர்ந்தது. மூடிய பரப்பு எதுவாயினும், கோணத்தைக் கெடுக்காமல், எங்கும் ஒரே வளைவுடையதாக அதனை ஆக்கலாம். மூவளவையிலும் அதற்கு மேலும் இவ்வாறு செய்யக் கூடுமா? அங்கே வளைவு ஒரே எண்ணன்று. திசைக்குத் திசை வேறுபடும் எண்களின் திரட்டு. அவையனைத்தையும் ஒருசேர நிகராக்க இயலாது. ஆனால் ஓரிடத்து எல்லாத் திசை வளைவுகளையும் கூட்டிய மொத்த வளைவையாவது எங்கும் ஒன்றாக்கலாமா? இதுவே யாமாபேயின் வினா.

இதேகிகோ யாமாபே 1923 ஆம் ஆண்டு சப்பானில் பிறந்தவர். இல்பர்ட்டு என்னும் பேரறிஞர் 1900 ஆம் ஆண்டில் முன்வைத்த 23 வினாக்களுள் ஐந்தாவதன் விடையை 1953 ஆம் ஆண்டளவில் நிறைவாக்கிய அறிஞருள் ஒருவர். எளியவர் அல்லர், பொறுப்பற்றவரும் அல்லர். 1960 ஆம் ஆண்டு ஒசாகாவின் கணக்கியல் இதழில் மேற்சொன்ன வினாவை எழுப்பி, 'ஆம், கூடும்' என்று விடையும் நிறுவியதாக எழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே, 37 அகவையில், அமெரிக்காவில் மறைந்தார். தம் நிறுவலில் பிழையுளது என்று அறிய அவர்க்கு வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

அவர் தீர்க்க வேண்டிய சமன்பாட்டில், தேடப்படும் அளவு ஓர் அடுக்கேறி நிற்கின்றது. மூவளவையில் அவ்வடுக்கு 5, நாலளவையில் 3, ஆறளவையில் 2. சமன்பாட்டின் முழுக்கடுமையும் அந்த அடுக்கிலேதான் உள்ளது. அடுக்கு அதனினும் சற்றே குறைந்திருந்தால் சமன்பாடு எளிதில் தீரும். ஆகவே யாமாபே, முதலில் அடுக்கைக் குறைத்துத் தீர்த்தார். பிறகு அடுக்கை மெல்ல மெல்ல உயர்த்தி உரிய எண்ணுக்குக் கொண்டுவந்தார். தீர்வுகளும் உடன்வந்து ஒரு நல்ல தீர்வில் முடியும் என்றார். அழகிய வழி! ஆனால் அடுக்கு உரிய எண்ணைத் தொடும்போது, தீர்வு ஒரே புள்ளியில் திரண்டு குமிழாகக் கூர்த்து, ஏனைய இடமெல்லாம் ஒன்றுமில்லாமற் போய்விடக்கூடும். அவ்வாறு போகாது என்பதற்கு அவர் காட்டிய சான்று நில்லாதது.

எட்டாண்டுகள் அப்பிழையை எவரும் சுட்டவில்லை. 1968 ஆம் ஆண்டு, ஆத்திரேலிய அறிஞர் நீல் திரூடிங்கர், வரிவரியாகப் படித்துப் பிழையைக் காட்டினார். காட்டியதோடு நின்றாரா? இல்லை. எவ்வெவ் வெளிகளில் யாமாபேயின் வழி பழுதின்றிச் செல்லும் என்று பிரித்தெடுத்து, வளைவுக் கூட்டு மிகாத வெளிகளுக்கு நிறுவலைச் செப்பனிட்டார். 1976 ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டவராகிய தியெரி ஓபன் அடுத்த அடி எடுத்து வைத்தார். ஒவ்வொரு வெளிக்கும் ஓர் எண்ணைக் குறிக்கலாம். உருண்டையின் எண்ணை எவ்வெளியின் எண்ணும் விஞ்சாது. குமிழ் தோன்ற வேண்டுமாயின் உருண்டையின் எண்ணளவு செலவு பிடிக்கும். ஆகவே, ஒரு வெளியின் எண் உருண்டையினதைவிடச் சிறிதேனும் குறைந்திருந்தால், குமிழுக்கு அங்கே முதலில்லை, தீர்வு தப்பாது. ஆறளவையிலும் அதற்கு மேலும், உருண்டையின் கோணவமைப்பினின்று வேறுபட்டு நிற்கும் வெளிகளுக்கு அக்குறைவை அவர் காட்டினார்.

எஞ்சியவை மூன்று, நான்கு, ஐந்து அளவை வெளிகளும், உருண்டையை ஒத்த கோணவமைப்புடைய வெளிகளும். 1984 ஆம் ஆண்டு அமெரிக்கரான இரிச்சர்டு சோயன் அவற்றையும் தீர்த்தார். எதனைக்கொண்டு? ஐன்சுடைனின் ஈர்ப்புக் கொள்கையைக்கொண்டு! தனித்து நிற்கும் ஒரு வான்பொருள் தொகுதியின் முழுநிறை எஞ்ஞான்றும் எதிர்மறையாகாது என்றும், நிறை சுழியாயின் அங்கே வெறும் தட்டைவெளியே உளது என்றும் அவரும் யாவும் 1979 ஆம் ஆண்டு முதல் நிறுவி வந்தனர். வெளியின் ஒரு புள்ளியைக் கோணங்காத்தே விரித்து ஈறிலாத் தொலைவுக்குத் தள்ளினால், அவ்வெளி ஒரு தனித்த வான்தொகுதி போலாகும். அதற்கும் ஒரு நிறை தோன்றும். அந்நிறை சுழியினும் மிக்கதாயின் ஓபன் கேட்ட குறைவு கிடைத்துவிடும். நிலத்தில் தோண்டியவன் வானத்தைக் கண்டாற் போன்றது இது.

இனி வழக்குக்கு வருவோம். நிறுவியவர் சோயன்; வழி செப்பனிட்டவர்கள் திரூடிங்கரும் ஓபனும்; பிழை செய்தவர் யாமாபே. அங்ஙனமிருக்க, அச்சிக்கலை இன்றும் யாமாபேயின் பெயரால் வழங்குவது முறையா என்று கேட்பார் உண்டு. முறையே என்பேன். உலகம் அதனை யாமாபேயின் தேற்றம் என்று வழங்கவில்லை. யாமாபேச் சிக்கல் என்றே பெரும்பாலும் வழங்குகின்றது. வினா அவருடையது, அதில் ஐயமில்லை. விடை மற்றவருடையது, அதையும் எவரும் மறைக்கவில்லை. அடுக்கைக் குறைத்து உயர்த்தும் அவர் வழியும் தள்ளுண்டு போகவில்லை. பிழை நீக்கப்பெற்று இன்றும் கற்பிக்கப்பெறுகின்றது. நல்ல வினாவை எழுப்பியவன், பிழைபட்ட விடையை மறைவின்றி எழுதிவைத்தவன், பின்வருவார்க்கு ஒரு பாதையை விட்டுச் செல்கின்றான். பிழையே செய்யாதவனாகப் பெயரெடுக்க விழைந்து, முன்பே தீர்ந்த சிறுகணக்குகளை இருபது கட்டுரைகளாக்கி அச்சேற்றுபவன் எதனை விட்டுச் செல்கின்றான்?

அப்பிழைதான் எத்துணை ஆழமானது என்பது பின்னரே புலப்பட்டது. தீர்வுகள் அனைத்தும் ஒரு கட்டுக்குள் நிற்கும் என்று யாமாபே நம்பியதை ஒத்த வினாவைப் பின்னையோர் புதிதாய் எழுப்பினர். உருண்டையை விலக்கிவிட்டால், ஏனைய வெளிகளின் தீர்வுகளெல்லாம் கட்டுக்குள் நிற்குமா? 2009 ஆம் ஆண்டு கூரி, மார்க்கெசு, சோயன் மூவரும் 24 அளவை வரை கட்டுக்குள் நிற்கும் என்றனர். முழுநிறை பற்றிய கூற்றை அவ்வளவைகளில் துணையாகக் கொண்டனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் பிரெண்டிலும், அவரோடு மார்க்கெசும், 25 ஆம் அளவை முதல் கட்டுமீறும் வெளிகள் உண்டென்று காட்டினர். 24 இல் மெய். 25 இல் பொய்! இத்தகைய நுண்ணெல்லை ஒளிந்திருந்த இடத்தில் கால் இடறியவரைக் கவனமற்றவர் என்று இகழ்வது அறியாமை.

அடுத்து, அச்சேறா மெய்யைக் காண்போம். இலாப்பிளாசுச் செயலி இருமுறை கெழு காண்பது. நான்குமுறை கெழு கண்டு, அதே வகையில் கோணங்காப்பு மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் செயலி ஒன்று உண்டா? உண்டு என்று 1983 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு சிறு எழுத்துப்படியில் வடித்துக் காட்டினார் இசுடீவன் பானைட்சு. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், செருமனியின் கிளாசுதாலில் ஓர் ஆய்வரங்குக்குச் சென்றிருந்தபோது மறைந்தார். படி அச்சேறவில்லை. ஆயினும் அது கைமாறிக் கைமாறிப் பரவியது. அதனை அடிப்படையாகக் கொண்டு தாமசு பிரான்சன் முதலியோர், நாலளவை வெளிக்கு ஒரு புதிய வளைவைக் கண்டனர். கியூ வளைவு என்று அதற்குப் பெயர் நிலைத்தது. பரப்பில் காவுசின் வளைவு என்ன செய்கின்றதோ, அதையே நாலளவையில் இது செய்கின்றது. மூடிய பரப்பின் முழுவளைவும் கோலை எவ்வாறு நீட்டினும் மாறாதது. அதுபோலவே நாலளவை வெளியின் முழுக் கியூ வளைவும் கோணங்காப்பு மாற்றத்தால் மாறாது நிற்கும்.

1992 ஆம் ஆண்டு கிரகாம் முதலிய நால்வர், ஆறுமுறை, எட்டுமுறை என்று கெழு காணும் செயலிகளின் முழுநிரையையும் அமைத்தனர். ஒற்றைப்படை அளவை வெளிகளில் அந்நிரைக்கு எல்லையில்லை. இரட்டைப்படை வெளியில் அவ்வளவை எண்ணோடு அது நின்றுவிடும். ஆகவே நாலளவையில் பானைட்சின் செயலியே அந்நிரையின் கடைசிப்படி. நாலளவை வெளிகளுள் பெரும்பாலானவற்றில், கோணத்தைக் காத்துக் கியூ வளைவை எங்கும் ஒன்றாக்கலாம் என்று சாட்லி, மால்கியோதி இருவரும் நிறுவியது 2008 ஆம் ஆண்டு வெளிவந்தது. பானைட்சின் எழுத்துப்படி முதன்முதலாக அச்சேறியதும் அதே 2008 இல்தான். 2006 இல் மறைந்த பிரான்சனின் நினைவாக நடந்த ஆய்வரங்கின் தொகுப்பில் அஃது இடம்பெற்றது. விதை அச்சேறுமுன்னரே மரம் காய்த்துவிட்டது!

ஈண்டு நினைத்துப் போற்றத்தக்கது ஒன்றுண்டு. மறைந்துவிட்ட ஓர் இளைஞரின் அச்சேறாப் படி அது. தம் பெயரைப் பொறித்துக்கொள்ள எவரேனும் எண்ணியிருந்தால் தடுப்பார் யார்? இயற்பியலார் சிலர் அக்காலத்தே தத்தம் வழியில் அச்செயலியைத் தாமாகக் கண்டவர்களுமாவர். ஆயினும் வடிவியலார் அதனைப் பானைட்சின் செயலி என்றே வழங்கினர். அச்சுக்கு அடங்காத ஒன்று அவர்களிடம் இருந்தது. அதுதான் நாணயம்.

என் கருத்துக்கு மறுப்பாக ஒன்று சொல்லக்கூடும்: 'பிழையைப் போற்றினால் பொறுப்பின்மை பெருகாதா? அச்சேறாததை ஏற்றால் ஆளுக்கொரு கதை சொல்ல மாட்டாரா?' பிழையைப் போற்றுமாறு நான் கூறவில்லை. யாமாபேயின் பிழை எவ்வாறு கண்டறியப்பட்டது? ஒவ்வோரடியையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்ததால். ஏன் எட்டாண்டு நின்றது? இதழில் வந்ததே மெய்க்குச் சான்று என்று கொண்டதால் என்றே கருதுகின்றேன். ஆகவே பொறுப்பின்மைக்கு மருந்து எண்ணிக்கையன்று, வாசிப்பு. திரூடிங்கரைப் போல் ஊன்றிப் படிப்பவர் ஒருவர், ஆயிரம் எடுத்துக்காட்டுகளைக் கூட்டும் கருவிக்கு மேலானவர். பானைட்சின் படிக்கும் அதுவே உரைகல். அச்சு அதனை மெய்யாக்கவில்லை. படித்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்து மெய்யெனக் கண்டனர்.

எனவே, ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்போர் எந்நாட்டவராயினும் அவர்களிடம் நாம் கேட்க வேண்டுவன மூன்று. ஒன்று: கட்டுரைகளை எண்ணாதீர், இரண்டை எடுத்து முழுதும் படியுங்கள். இரண்டு: பிழையைக் கண்டு திருத்துபவனுக்குப் புதிது கண்டவனுக்குரிய மதிப்பைக் கொடுங்கள். மூன்று: நல்ல வினாவுக்கு, விடை வருமுன்னரே இடம் கொடுங்கள், யாமாபேயின் வினாவுக்கு முழுவிடை வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. ஐந்தாண்டில் விளைச்சல் காட்டு என்னும் ஒப்பந்தத்தில் அவ்வினா முளையிலேயே கருகியிருக்கும்.

கணக்கு ஆசிரியர்களாகிய நம் தோழர்களுக்கும் ஒரு சொல். மாணவன் ஒருவனின் விடைத்தாளில் கடைசி எண் தவறென்றால் முழுவதையும் சிவப்புக் கோட்டால் அடித்துவிடாதீர்கள். எந்தப் படியில் இடறினான், அதற்கு முன் எவ்வளவு நேராக நடந்தான் என்று பாருங்கள். இடறிய இடத்தைச் சுட்டிக் காட்டி, 'இதற்குமேல் எவ்வாறு செல்வாய்?' என்று அவனையே கேளுங்கள்.

உலகப்படம் கோணத்தைக் காத்து அளவைச் சிதைக்கின்றது, அதனைக் கடலோடி அறிவான், அறிந்தே பயன்கொள்வான். கட்டுரையெண்ணிக்கையோ அளவை மட்டும் காட்டிக் கோணத்தையே சிதைக்கின்றது. அதனை அறியாமலே நாம் கப்பல் செலுத்துகின்றோம். கரை சேருமா?